குந்தவை டீச்சரின் இரண்டு முழங்கால்கள்

நீடாமங்கலம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற குந்தவைக்கு, வலி என்பது சோம்பேறிகளுக்கு வருகிற வியாதி. முட்டி வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று மரத்தடியில் ஒதுங்கிய பெண்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டே குணப்படுத்தியவர் அவர். அவர் சொல்லக் கேட்டால், மருத்துவக் கல்லூரிகள் எதற்கு என்று தோன்றும். ஓய்வுபெற்ற சில வருஷங்களில் அவருடைய முழங்கால்களே ஒதுங்கப் பார்த்தன. இரண்டும் சேர்ந்து.

தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "குருத்தெலும்பு முழுசா தேஞ்சு போச்சும்மா. எலும்போட எலும்பு உரசுது. மூட்டு மாத்துறதுதான் வழி."

இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிற டாக்டரை யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வந்ததும் கணவர் வைரக்கண்ணுவிடம், "என் கால்ல இரும்பு வைக்கப் போறானாம். நான் என்ன டிராக்டரா?" என்றார் டீச்சர். சம்பா நடவில் மூழ்கியிருந்த வைரக்கண்ணு பதில் சொல்லவில்லை. அவருடைய மணவாழ்க்கை நன்றாக ஓடியதற்குக் காரணமே அதுதான்.

பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. "அம்மா, ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. அறுக்கவே வேணாம். நம்ம உடம்புலேருந்தே எடுத்து முட்டியில ஊசி போட்டுடுறாங்க" என்றான் மகன் இனியவன். அவன் படித்தது கப்பல் இன்ஜின். ஆனால் முழங்காலைப் பற்றி யூடியூபில் ஒரு வீடியோ முழுதாகப் பார்த்திருந்தான்.

தஞ்சாவூர் பைபாஸில் இருந்த அந்த மையத்தில் ஏசி இருந்தது, சோபா இருந்தது, மீன்தொட்டி இருந்தது, கேட்காமலே காபி வந்தது. வைத்தியத்துக்கு வேறென்ன வேண்டும்? இளம் டாக்டர் பிளாஸ்டிக் மூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"நாத்தங்கால்ல நாத்து பறிச்சு வயல்ல நடுறோம்ல, அதே மாதிரிதாம்மா. உங்க இடுப்பெலும்பு மஜ்ஜையிலேருந்து எடுத்து முட்டியில நடுறோம். குருத்தெலும்பு தானா முளைச்சு வந்துரும்."

"எல்லாருக்கும் முளைக்குமா டாக்டர்?"

"மனசுல பாசிட்டிவா இருக்கணும்மா. அதுதான் முக்கியம்."

முளைக்காவிட்டால் தப்பு யாருடையது என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

மஜ்ஜையை உறிஞ்சினார்கள், மெஷினில் சுற்றினார்கள், இரண்டு முட்டியிலும் ஏற்றினார்கள். மரத்துப்போக வைக்கிற மருந்தின் தயவில் வலி சுத்தமாக இல்லை. அந்த நல்ல நேரத்தில் ஒரு பெண் போனை நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றாள். இரண்டு வார்த்தையோடு நிறுத்திப் பழக்கமில்லாத டீச்சர், வராந்தாவில் லெப்ட் ரைட் போட்டே காட்டினார். "என்னைப் பாருங்க! வலிக்குதுன்னு மூலையில உக்காராதீங்க!"

மருந்து மறுநாள் தெளிந்துவிட்டது. வீடியோ கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

மையத்துக்குப் போன் செய்தால், "செல்ஸ் உள்ள வேலை பார்த்துட்டிருக்கு மேடம்" என்றார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அரசாங்க ஆபீஸிலும் வேலை அப்படித்தானே நடக்கிறது என்று பொறுத்துக்கொண்டார். அடுத்த தடவை இரண்டாவது ஊசியைச் சிபாரிசு செய்தார்கள். டெல்டாவே பார்த்து வியந்த கால்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தன. தெருவில் இறங்கவே கூச்சமாக இருந்தது.

தை மாதம், அறுவடை சமயம். கூத்தாநல்லூரிலிருந்து பழைய மாணவி ஜஸீலா தன் உம்மா ஷம்சாத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வைரக்கண்ணு வயலில் இருந்தார். டீச்சர் எழுந்து கேட்டைத் திறக்க வந்து சேர்வதற்குள், பார்க்க வேண்டியதையெல்லாம் இருவரும் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டார்கள்.

"டீச்சர், வீடியோவுல ஜம்முனு நடந்தீங்களே?"

"அது அன்னிக்கு."

"நாளைக்கு உம்மாவுக்கு ஊசி. நீங்களே சொல்லியிருக்கீங்கன்னுதான் நம்பிப் போனோம்."

ஷம்சாத் பரிவாகச் சொன்னார்: "எனக்குப் படி ஏறுனாதான் வலி டீச்சரம்மா. உங்களுக்கு நின்னாலே வலிக்குது போலிருக்கே."

குந்தவைக்கு முகம் சிவந்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். இது பரிதாபம். கேட்டை விரியத் திறந்துவிட்டார். பிறகு, "நாளைக்குப் போறப்ப என்னையும் வண்டியில ஏத்திக்கங்க" என்றார்.

மையத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. டிவியில் டீச்சர் லெப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தார். டிவிக்குக் கீழே, ஜஸீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற டீச்சர், அதை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் கேட்டார்.

"நீங்க சம்மதிச்சுத்தானே மேடம் எடுத்தோம். இப்ப நிறுத்த முடியாது."

"சரி, ஓடட்டும்" என்றவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். மைதானத்துக் குரல் மட்டும் தேயாமல் இருந்தது. "எல்லாரும் இங்க பாருங்க! அதுல நடக்குறது நான்தான். இப்ப நடக்குறதையும் பாத்துக்கங்க!"

சோபாவிலிருந்து மீன்தொட்டியை நோக்கி நடந்தார். பாதியில் வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஓடிவந்த ஜஸீலாவைக் கை காட்டி நிறுத்திவிட்டு, மீதியையும் நடந்து முடித்தார்.

"அப்ப முளைக்கலையா டீச்சர்?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"வலிதான் நல்லா வேர் பிடிச்சிருக்கு."

சிலர் எழுந்து போனார்கள். நிறையப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள், காபி வந்துகொண்டிருந்தது. ஆனால் டிவியை அணைத்துவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக ஷம்சாத்தை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் டீச்சர். ஷம்சாத்துக்குத் தேய்மானம் ஆரம்பநிலைதான்; பயிற்சி செய்து எடையைக் குறைத்தால் போதும் என்றார் அதே எலும்பு டாக்டர். ஸ்டெம் செல்லைப் பற்றிக் கேட்டதற்கு, "ஆராய்ச்சி நடக்குதும்மா. சில பேருக்கு வலி குறையுது. ஆனா உங்கள மாதிரி முழுசா தேஞ்ச முட்டியில புதுசா வளரும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல" என்றார். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சித்திரையில் டீச்சருக்கு வலது மூட்டை மாற்றினார்கள். வலித்தது, அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். இடது மூட்டு தன் முறைக்குக் காத்திருக்கிறது. மையமும் அமோகமாக நடக்கிறது. டிவியில் இப்போது ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் ஸ்கிப்பிங் ஆடுகிறார்.

குந்தவை காலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்துவிட்டு வருகிறார். நடுவில் நின்று இளைப்பாற ஒரு சாக்கு வேண்டும் அல்லவா? நீடாமங்கலத்தில் ரயில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டை மூடியே வைத்திருப்பது அதற்குத்தான்.