கோமதி எழுதாத செய்முறைத் தேர்வு

நான் காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். என் மனைவி கோமதி, கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, சமுதாயக் கல்லூரியில் நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். பிரஷர் பார்க்கப் பழகியதெல்லாம் எங்களோடு இருந்த அவள் அப்பாவின் கையில்தான். கடைசி செய்முறைத் தேர்வன்று காலையில் அவர் இறந்துபோனார்.

ரிசல்ட் வந்தபோது மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க். செய்முறைக்கு நேராக மட்டும் ‘வரவில்லை’ என்று இருந்தது.

“அவ்ளோதாங்க, ஃபெயிலு,” என்றாள்.

“விடு கோமதி, அப்பாவ விட பரீட்சையா பெருசு?” என்று நானும் சொல்லிவிட்டேன். யூனிஃபார்மை மடித்து வைத்துவிட்டு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள்.

சில மாதம் கழித்து, அவளுக்குப் பாடம் எடுத்த மேடம் என் ஆட்டோவில் ஏறினார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

“ஐயோ, வீட்ல சாவுன்னு எழுதிக் குடுத்திருந்தா அந்த ஒரு தேர்வ மட்டும் தனியா வெச்சிருப்போமேப்பா! அதுக்குன்னு ரூல் இருக்குது. இப்ப கெடு முடிஞ்சிடுச்சு. முதல்லேர்ந்துதான் படிக்கணும்.”

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். “கேக்கலாம்னே தோணலியேங்க,” என்றாள். மறுபடி சேர அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் ரிசல்ட் பார்த்துவிட்டு அழுத முகத்தோடு யாராவது கல்லூரி வாசலில் ஏறினால், மற்றவர்கள் முணுமுணுத்தாலும் நான் வண்டியை எடுப்பதில்லை.

“உள்ள போய் ஒருவாட்டி கேட்டுட்டு வாம்மா. நான் நின்னுக்கினு இருக்கேன்,” என்கிறேன்.