புல்லுக்குப் போன துணை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் சிவசக்திக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது புல்லறுக்கப் போகும் நேரம்தான். புருஷன் இறந்து ஆறு வருசம். ஒரே மகள் தயானி குவைத்தில் வீட்டுவேலை. ஞாயிறுதோறும் போனில் வருவாள், அங்கே யாரோ கூப்பிட்டதும் வைத்துவிடுவாள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அவளுடைய ஓர் அறைக் காம்பராவில் மிச்சம் சிவசக்தியும், பின்னால் பட்டியில் ஒரு கறவை மாடும்தான்.

அடுத்த லயத்து இராக்கம்மாவிடமும் மாடு உண்டு. கொழுந்து நிறுத்துப் போட்டதும் இருவரும் சாக்கும் அரிவாளுமாகக் கிளம்புவார்கள். தேயிலைக்கு மருந்தடித்த இடத்துப் புல் மாட்டுக்கு ஆகாது. அதனால் ஆற்றுப் பள்ளம் வரை இறங்க வேண்டும். போக ஒரு மணி, சுமையோடு ஏற ஒன்றரை மணி. அந்த வழியில்தான் இராக்கம்மா வீட்டிலிருக்கும் மருமகளைத் திட்டுவாள், சிவசக்தி வாய்விட்டுச் சிரிப்பாள்.

இரண்டு வருசத்துக்கு முன் ஆடி மாத வெயில் காய்ச்சலில் பள்ளத்துப் புல்லும் கருகியது. மாடு வயிறு ஒட்டிப் போனது. சுமையோடு ஏறுகையில் கால் சறுக்கி, சிவசக்தி முழங்கையை உடைத்துக்கொண்டாள். கை கூடியதும், மாட்டுத் தீவனத்தைப் பதப்படுத்தி வைப்பது பற்றிப் பதுளையில் மிருக வைத்தியர் நடத்திய வகுப்புக்குப் போனாள். லயத்திலிருந்து வேறு யாரும் போகவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு, கைவிட்ட தேயிலைச் சரிவில் நேப்பியர் என்ற தீவனப்புல் நட்டாள். மழை ஓய்ந்த தை மாதத்தில் அதை வெட்டி, வாடவிட்டு, துண்டு துண்டாக நறுக்கி, கரும்புப் பாணி தெளித்துத் தடித்த பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் புகாமல் மிதித்துக் கட்டினாள்.

“சக்தி மாட்டுக்கு ஊறுகா போடுறாடீ!” என்று லயமே சிரித்தது.

முதல் தடவை எலி கடித்து மூன்று பை பூஞ்சணம் பிடித்தது. குழி தோண்டிப் புதைத்தாள். அடுத்த வெட்டில் பைகளைத் தகரப் பீப்பாய்க்குள் இறக்கினாள். ஆடியில் திறந்தபோது புளித்த பழம்போல வாசம் வந்தது. மாடு இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் தொட்டியை நக்கித் தீர்த்தது. அந்த வெயில் காய்ச்சலில் அதன் பால் குறையவில்லை.

ஆனாலும் மாடு தின்னத் தொடங்கிய மறுநாளே சாக்கோடு இராக்கம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

“ஒனக்குத்தான் மூட்டை கெடக்கே, நீ எதுக்கு வர்ற?”

“சும்மாதாங்க அக்கா. கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியல.”

சிவசக்தி அறுத்த சுமையையும் இராக்கம்மா தன் மாட்டுக்குப் போட்டுக்கொண்டாள். ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், சிவசக்தியே அவள் மருமகளுக்குப் பை கட்டச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு மற்ற லயங்களிலிருந்தும் வந்தார்கள். கேட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். இந்த வருசம் பள்ளத்துக்கு யாரும் இறங்கவில்லை.

மாட்டுக்குத் தீனி போட இப்போது பத்து நிமிசம் போதும். நாலு மணிக்கே வேலை முடிந்துவிடுகிறது. கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டுவாள். பக்கத்துக் காம்பராக்களில் டிவி சத்தம் கேட்கும்.

போன ஞாயிறு தயானி ஒரு நிமிசம்தான் பேசினாள். போனை வைத்துவிட்டு சிவசக்தி புல் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த லயத்துக்கு நடந்தாள். இராக்கம்மா வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வாசலில் வாடவிட்ட புல் குவிந்து கிடந்தது. உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள். பாதிக் குவியல் தீர்ந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“அடியே, ஒன்ன யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க அக்கா.”

இராக்கம்மா கோயில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே குந்தி, நறுக்கியதைப் பைக்குள் அள்ளிப் போட்டபடி, மருமகளுக்குக் கேட்காத குரலில் மருமகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.