ஊமை வாரம்

இது கட்டுக்கதை இல்லை. நடந்த ஊர் திண்டுக்கல், நடந்த வருஷம் 1962. காலேஜின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே படித்தவர்கள் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். நம்பாதவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள் படித்து முடித்துவிடுங்கள்.

சோலைமுத்து நிலக்கோட்டைப் பக்கத்துப் பையன். பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஜக்கம்மாள் மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிக்கிறவள். அந்த ஊரிலிருந்து காலேஜ் படி மிதித்தவன் அவன் ஒருத்தன்தான். விடுதியில் சேர்ந்த அன்றைக்கே விதிகளையெல்லாம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மணி அடித்தால் எழு, மணி அடித்தால் சாப்பிடு, மணி அடித்தால் படி. தும்முவதற்குத்தான் மணி வைக்கவில்லை.

அத்தனை விதிகளிலும் பையன்கள் உண்மையாகப் பயந்தது ஒன்றுக்குத்தான். அனுமதி இல்லாமல் ஒரு ராத்திரி வெளியே தங்கியவனோடு ஏழு நாளைக்கு யாரும் பேசக் கூடாது. பேசினால் பேசியவனுக்கும் அதே தண்டனை. சைகை காட்டினாலும், எழுதிக் காட்டினாலும் பேச்சுதான். தண்டனையில் இருப்பவன் விடுதிக்குள் வாயைத் திறந்தால் மறுநாளே டி.சி. பையன்கள் அதற்கு ஊமை வாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடம் முன்னே ஒரு பள்ளிக்கூட விடுதியாக இருந்தது. காலேஜ் அதை வாங்கியபோது கட்டடத்தோடு விதியும் வந்து சேர்ந்தது.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. லீவு கேட்டால் கிடைக்காது என்று சோலைமுத்து சுவர் ஏறிக் குதித்துப் போனான். விடியுமுன் பூ வண்டியில் திரும்பி வந்து, நல்ல பிள்ளையாகப் போர்த்திக்கொண்டு படுத்தும்விட்டான். ஆனால் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தவன் மேல் வேறென்ன வாசம் அடிக்கும்? நூறு ஆம்பிளைப் பையன்கள் படுத்திருக்கிற இடத்தில் அந்த வாசம் ஊரைக் கூட்டியது. வார்டன் இருதயநாதன் சார் நேராக அவன் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

அன்றைக்கே அவனை வராந்தாவின் கடைசிக்கு முந்தின அறைக்கு மாற்றினார்கள். அதற்கு அடுத்து இன்னும் ஒரே ஒரு அறை. அது எப்போதும் பூட்டியிருக்கும்.

முதல் நாள் அவனுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. வாய்க்கு ஒரு வாரம் லீவு என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்தான். பரிமாறுகிற மாயம்மாள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை வைத்துவிட்டு, போதுமா என்றுகூடக் கேட்காமல் நகர்ந்தாள். அவளுக்கும் விதி உண்டு. அந்த ஒரு வார்த்தைக்கு அவன் மனம் ஏங்கிப்போனது. சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் படிப்பு மணி அடித்தது. எல்லா அறைகளிலும் முணுமுணுப்பு. அவன் அறையில் மட்டும் சத்தமே இல்லை. ஏழரை இருக்கும். சுவரில் யாரோ தட்டினார்கள்.

டக்... டக்...

"ஏலே... இருக்கியா?"

சோலைமுத்து சந்தோஷத்தில் துள்ளி எழுந்து சுவரோரம் போனான். இரண்டு நாளைக்குப் பிறகு அவனைத் தேடி ஒரு குரல். பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. டி.சி. ஞாபகம் வந்து அப்படியே விழுங்கினான். பூக்கூடையோடு குனிந்து நிற்கும் அம்மா கண்ணுக்குள் வந்தாள்.

மூன்றாம் நாள் அதே நேரம். அதே தட்டல்.

"செத்த வெளக்கக் காட்டேன்லே."

விளக்கா? விடுதி முழுக்கக் கரண்டு பல்பு எரிகிறதே. யாரோ தன்னைப் பேச வைத்து மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைத்தான். மானிட்டர் ராமர்மீதுதான் சந்தேகம் போனது. ஓசைப்படாமல் வெளியே வந்து பார்த்தான். வராந்தாவின் அந்தக் கோடியில் ராமர் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்து அறைப் பூட்டைப் பார்த்தான். துருப்பிடித்துக் கிடந்தது. பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில் சிலந்தி வலை. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து மண்ணெண்ணெய் வாசம் வந்தது.

நான்காம் நாள் தட்டல் மட்டும்தான். பேச்சு இல்லை. ஆனால் வெகு நேரம் தட்டியது.

ஐந்தாம் நாள் குரலில் நடுக்கம் இருந்தது.

"காலுல என்னமோ கடிச்சிருச்சுலே... கதவத் தொறக்கச் சொல்லு."

சோலைமுத்து எழுந்து ஓடினான். ராமருக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்டினான். பூட்டிய அறையைக் காட்டினான். பாம்பு போலக் கையை நெளித்துக் காட்டினான். ராமர் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. அது பாம்புக்கான பயம் இல்லை, விதிக்கான பயம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பக்கத்தில் இத்தனை பேர் இருந்தும் தனக்கு யாருமில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அறைக்குத் திரும்பி வந்து அழுதான். அழுகிற சத்தம்கூட வெளியே வராமல் அழுதான்.

ஆறாம் நாள்.

"தொடை வரைக்கும் மரத்துப் போச்சு..."

காதைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்குள்ளேயும் கேட்டது.

ஏழாம் நாள். ஒன்பது மணி அடித்தால் தண்டனை முடிந்துவிடும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேட்டி நுனியைச் சுருட்டிப் பல்லால் கடித்துக்கொண்டான்.

எட்டரை. தட்டல் இல்லை.

எட்டே முக்கால்.

சர்ர்... சர்ர்...

சுவரில் நகம் இழுபடும் சத்தம். மேலிருந்து கீழே. யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டே சரிவது போல.

"நாக்கு... தடிக்குதுலே..."

பிறகு மூச்சு. நீளமான மூச்சு.

"யாருமே... இல்லையா?"

அவனால் தாங்க முடியவில்லை. அது மனுசனோ, பேயோ... அந்தக் கேள்வி அவனுடைய கேள்வி. ஏழு நாளாக அவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வாயிலிருந்த துணியைத் துப்பினான்.

"இருக்கேன். நான் இருக்கேன்லே."

கணீரென்று வராந்தா முழுக்கக் கேட்டது. எல்லா அறைகளிலும் முணுமுணுப்பு நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் நகம் ஒரு தரம் சுரண்டியது. அப்புறம்... மிக மெதுவாக...

"சீனி... நீதானா?"

அவ்வளவுதான். ஒன்பது மணி அடித்தது.

மறுநாள் காலை வார்டன் அறையில் அவனை நிறுத்தினார்கள். ராமர் எழுதிக் கொடுத்துவிட்டான். இருதயநாதன் சார் டி.சி. தாளை எடுத்து வைத்துக்கொண்டு, யாரோடு பேசினாய் என்று கேட்டார். படிப்பு போய்விட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சோலைமுத்து எல்லாவற்றையும் சொன்னான். தட்டியது, விளக்குக் கேட்டது, கால் மரத்தது. பயந்துபோய் உளறுகிறான் என்பது போல அவர் கேட்டுக்கொண்டே எழுதினார். கடைசியில் அந்தக் குரல் தன்னைச் சீனி என்று கூப்பிட்டதையும் சொன்னான்.

பேனா நின்றது.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அவன் எதிரில் நின்றார்.

"அந்தப் பேரு உனக்கு யாரு சொன்னா?"

"அவன்தான் சார்."

"என்னைய அப்படிக் கூப்பிட்டவன் ஒருத்தன்தான். ஒச்சப்பன்."

அப்புறம் அவரே சொன்னார். பள்ளிக்கூட விடுதியாக இருந்த, மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் அவரும் அங்கே படித்தவர். ஊமை வாரத்தில் இருப்பவனை அப்போது, இப்போது பூட்டிக் கிடக்கும் அந்தக் கடைசி அறையில் போட்டு வெளியே பூட்டுவார்கள். அவருடைய உயிர்ச் சிநேகிதன் ஒச்சப்பனை அப்படிப் பூட்டிய ஒரு நாள், உள்ளே அவனைப் பாம்பு கடித்தது. அவன் சுவரைத் தட்டிக் கூப்பிட்டான். பக்கத்து அறையில், இப்போது சோலைமுத்து இருக்கும் அறையில், அவரையும் சேர்த்து எட்டுப் பையன்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் கேட்டது. பேசினால் தண்டனை. ஒருத்தரும் பேசவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. விசாரணையில், சத்தமே கேட்கவில்லை என்று எட்டுப் பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள்.

"விதிய எடுத்திருக்கலாமே சார்?"

"எடுத்தா ஏன்னு கேப்பாங்கள்ல?"

அவர் டி.சி. தாளைக் கிழித்துப் போட்டார். வகுப்புக்குப் போ என்றார்.

அந்த வாரமே நோட்டீஸ் பலகையில் ஒரு வரி வந்தது: அந்த விதி ரத்து. காரணம் போடவில்லை. சோலைமுத்து படித்து முடித்து வேலைக்கும் போனான். விடுதியில் இருந்தவரைக்கும் அந்தக் குரலை அவன் மறுபடி கேட்கவே இல்லை.

சோலைமுத்து இருந்த அந்த அறைக்கு வார்டனே குடிவந்துவிட்டார். படிப்பு மணி அடித்ததும் சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, காதைச் சுவரில் வைத்து உட்கார்ந்திருப்பாராம். சில நாள் அவரே முதலில் தட்டுவாராம். ஓய்வு பெறும்வரை அந்த அறையை விட்டு அவர் மாறவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளும் பதில் வரவில்லை.