எழுத்து முடியும்வரை உட்காராதவர்

ஜாலான் புசார் வட்டாரத்தில் பூட்டும் தாழ்ப்பாளும் குழாயும் விற்கும் கடையில் வேலை பார்க்கிற அப்துல் கஃபாருக்குப் படம் பார்ப்பதைவிடப் படத்தைப் பற்றிச் சொல்வதில்தான் உயிர். புதுப்படம் வந்தால் முதல் நாளே போய்விடுவார். காட்சி முடிகிற நேரத்துக்கு இணையச் சேனல்காரர்கள் மைக்கோடு வாசலில் நிற்பார்கள். அவர்களில் ரித்திக் என்கிற இளைஞன் "அங்கிள், படம் எப்படி?" என்று மைக்கை நீட்டியதும் அவர் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், நிக்காஹ் அன்றுகூட அப்படி ஒரு களை இல்லை என்று மனைவி ஆயிஷா சொல்வாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு அளவுகோல் உண்டு. சண்டைப்படம் என்றால் வில்லனுக்கு விழுகிற அடியில் நம் தாடை வலிக்க வேண்டும். பேயும் சிரிப்பும் கலந்த படம் என்றால், தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தவன் வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் போக மனைவியைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் தாராளமாக மதிப்பெண் போடுவார். சூப்பர் ஹீரோ படம்தான் அவருக்கு ஆகவே ஆகாது. வானத்தில் ஆள் பறந்தால் கீழே இவருக்குக் கொட்டாவி வரும். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கப் போனால் கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, "பாய், இந்த வாரம் போகலாமா வேணாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே சந்தைக்குப் போகிறவர் அவர்.

மகள் சாதியா கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். என்ன படம் என்று கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கேன் அத்தா, ரிலீஸ் வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது" என்பாள். நோன்புப் பெருநாளன்றுகூட பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடியவள். ஊரில் வருகிற எல்லாப் படத்துக்கும் கருத்து வைத்திருந்த தகப்பனார், மகள் அங்கே என்னதான் செய்கிறாள் என்று விவரமாக ஒருநாளும் கேட்டதில்லை. "பிள்ளை கம்ப்யூட்டர்ல படம் வரையுது" என்பதோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு தமிழ் சூப்பர் ஹீரோ படம் வந்தது. டிக்கெட்டை சாதியாவே எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு அத்தா. கடைசியில எழுத்து ஓடி முடியுற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. ப்ளீஸ்லா."

"சரிம்மா" என்றார். இந்த மாதிரிப் படங்களில் எழுத்துக்குப் பின்னால் ஒரு துண்டுக் காட்சி ஒட்டி வைப்பார்கள், அதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து நேராகத் தியேட்டருக்குப் போனார். ஹீரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்திவானத்தில் பறக்கிற காட்சிதான் படத்தின் உச்சம். பக்கத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அப்துல் கஃபார் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். எழுத்து ஓடத் தொடங்கியதும் ரித்திக்கிடமிருந்து செய்தி வந்தது: அங்கிள், மத்த சேனல்காரங்க ஆளைப் பிடிக்க ஆரம்பிச்சிட்டாங்க, சீக்கிரம் வாங்க. முதலில் வெளியே வருகிறவன் கருத்துத்தான் முதலில் இணையத்தில் ஏறும். அதுதான் அந்த வாசலின் சட்டம். மகளிடம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வரத்தான் செய்தது. 'அடுத்த படத்துக்கு விளம்பரம் போடுவான், அதுக்கா உட்கார்றது' என்று எழுந்துவிட்டார்.

மைக்கின் முன்னால் அன்றைக்கு அவருக்கு நாக்கில் சனி.

"ஹீரோ பறக்குறாராம். முதுகுல ஒரு சிவப்புத் துணி. நம்ம அடுக்குமாடி பிளாக்ல மூங்கில் கழியில காயப்போட்ட லுங்கி காத்துல ஆடுமே, அதாச்சும் ஒழுங்கா ஆடும்லா! இதுக்கு நான் வீட்டு ஜன்னல்லயே உட்கார்ந்திருப்பேன், டிக்கெட்டும் வேணாம்!"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மாலையில் கடையை மூடிவிட்டுப் வீடு இருக்கும் பொங்கோலுக்கு ரயில் ஏறும்போது அந்த வீடியோத் துண்டு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பையன்கள் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "லுங்கி அங்கிள்!" என்றார்கள். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

வீட்டில் சாதியா சாப்பாட்டு மேசையில் காத்திருந்தாள்.

"கடைசி வரைக்கும் உட்கார்ந்தீங்களா அத்தா?"

"உட்கார்ந்தேனே."

"அப்போ என் பேரைப் பார்த்தீங்களா?"

"எந்தப் பேரு?"

 அவள் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் படம் எங்க கம்பெனி செஞ்சது. ஹீரோ பறக்குற சீன்ல முதுகுல ஒரு துணி ஆடுது இல்ல? அந்தத் துணி நான் பண்ணது. வருஷம் பூரா அதான் பண்ணேன்."

அப்துல் கஃபார் கை கழுவுவதுபோல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரித்திக்கை அழைத்தார். "தம்பி, அதை எடுத்துடு. இப்பவே எடுத்துடு."

"நான் எடுத்துடுறேன் அங்கிள். ஆனா நூறு பேரு எடுத்துப் போட்டுட்டாங்க, பாட்டுகூடச் சேர்த்துட்டாங்க. இனிமே நம்ம கையில இல்ல."

"அப்போ நான் இன்னொரு தடவை பேசுறேன். நல்லா இருக்குன்னு சொல்றேன்."

"சொன்னா பாய் காசு வாங்கிட்டாருன்னுதான் சொல்வாங்க."

இரண்டு நாள் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாதியா போனைக் கையில் எடுத்தால் பக்கத்தில் போய் ஏதாவது பேச்சுக் கொடுத்தார். ஆயிஷாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் திட்டவில்லை. "உங்க வாய்" என்றாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆயிஷாவைக் கூட்டிக்கொண்டு அதே படத்துக்குப் போனார். இந்தத் தடவை அவர் பார்த்தது துணியை மட்டும்தான். அது ஹீரோவின் தோளில் கிடந்தது, எழுந்தது, காற்றில் சுழன்றது. ஒரு இடத்தில் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டு போனது. பாவி மனம், இரண்டு இடங்களில் இன்னும் லுங்கியாகவே பட்டது. எழுத்து ஓடியது. விளக்கு எரிந்தது, துடைப்பத்தோடு ஆட்கள் வந்தார்கள், எல்லாரும் போய்விட்டார்கள். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே, பொடி எழுத்தில், சாதியா அப்துல் கஃபார். தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் போட்டிருந்தாள். ஆயிஷா அவர் கையைப் பிடிப்பதற்குள் அது மேலே போய் மறைந்துவிட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். அங்கே மைக் இல்லை, கேமரா இல்லை. முதல் நாளோடு அவர்கள் வேலை முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் எதிரே உட்கார்ந்தார். "அத்தா ஒரு தப்பு பண்ணிட்டேன்மா. ஒரு வீடியோ..."

"தெரியும்" என்றாள் சாதியா. "வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏம்மா கேட்டே, பேரைப் பார்த்தீங்களான்னு?"

"பேரைப் பார்த்துட்டும் அப்படிச் சொன்னீங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

அவர் எழுந்து மகள் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். 

"நீங்க சொன்னதும் தப்பில்ல அத்தா. கடைசியில டைம் கொடுக்கல, அவசரமா முடிச்சோம். துணி அப்படித்தான் ஆடுச்சு." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னைக்கே ஆபீஸ்ல அந்த வீடியோவைப் பெரிய திரையில போட்டுப் பார்த்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். யாரு இந்த அங்கிள், லிட்டில் இந்தியா பக்கமான்னு என்னைத்தான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."