ஊதா நிற நகங்களும் என் வீங்கிய இமைகளும்

இரண்டு மாதமாகத் தினமும் காலையில் என் கண்ணிமைகள் வீங்கி அரித்தன. கிட்னியோ என்று பயந்து பரிசோதித்தோம், ஒன்றுமில்லை. என் உரக்கடை மருந்து நெடிதான் காரணம், கடையையே விட்டுவிடலாம் என்று மனைவி அழுதாள்.

இன்று திண்டுக்கல்லில் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தவர், இமையைத் தேய்க்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நகத்துல என்ன ஊதா கலரு?"

"எம் மக போட்டதுங்கம்மா. அஞ்சு வயசு. ஞாயித்துக்கிழமையானா விட மாட்டா."

"அதான் ஒத்துக்கல. விரலு தாங்கும், இமைத் தோலு தாங்காது. அந்தக் கையாலதான கண்ணத் தேய்க்கிறீங்க? நிறுத்துங்க, சரியாயிரும்."

கடை பிழைத்தது. ஆனால் மகளிடம் எப்படிச் சொல்வது?

சாணார்பட்டிக்குத் திரும்பியதும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"என்னாலயாப்பா வீங்குச்சு?"

"நீ இல்லடா தங்கம், அந்த நெயில்பாலிஷ்தான்."

எழுந்து உள்ளே ஓடினாள். பிறகு பாட்டிலோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பக் கால நீட்டுங்க. கால வச்சு யாரும் கண்ணத் தேய்க்க மாட்டாங்க."

நீட்டிவிட்டேன். பத்து விரலும் ஊதா. கடையில் இதை மறைக்க, வேட்டி கட்டும் ஆளுக்கு ஷூ பொருந்துமா, அனுபவசாலிகள் சொல்லுங்கள்.