மெஹருன்னிசா உட்கார்ந்து பார்த்த நாற்காலிகள்

முதல் பாடவேளை தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு வாசலில் யூசுப் பாய் வந்து நின்றார். செங்கல்பட்டு மார்க்கெட் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எங்கள் பள்ளியில் பூகோளம் நடத்திய மெஹருன்னிசாவின் கணவர். பெண்கள் பள்ளி என்பதால் எப்போதும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஆளனுப்புகிறவர், அன்று வகுப்பு வரைக்கும் வந்துவிட்டார். “மெஹரு மவுத்தாயிட்டா டீச்சர். காலையில தொழுகைக்கு எழுப்பப் போனேன்” என்றார். வகுப்பைப் பக்கத்து அறை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

நான் போனபோது கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மல்லாந்து, கால் நீட்டிப் படுத்திருந்தார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். இந்தச் சில ஆண்டுகளில் அவர் ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்கியதில்லை. ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு இது தெரியும். அந்த நாற்காலி எப்படி வந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கூடவே அலைந்தவள் என்ற முறையில் அதை எழுதுகிறேன். அவரைப் புகழ்ந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நடந்ததை எழுதினால் ஒருவேளை பொறுத்துக்கொள்வார்.

அவருக்கு இழுப்பு முன்பே உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் அது முற்றிவிட்டது. படுத்தால் மூச்சு ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்து தூங்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். வீட்டிலிருந்த சாய்வு நாற்காலியில் துணி தொய்ந்து, படுத்ததுபோலவே ஆகிவிட்டது. கை வைத்த மர நாற்காலியில் கண் அயர்ந்ததும் தலை தோளில் சரிந்து விழித்துக்கொண்டார். அப்போது வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டிருந்த ஒயர் சேர் ஒன்றை யூசுப் பாய் வாங்கி வந்தார். மறுநாள் மெஹர் முதுகெல்லாம் கோடு கோடாகப் பள்ளிக்கு வந்தார். “அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வந்துடுச்சு சரஸ்வதி. இனிமே மேப்பு வேணாம்” என்றார். அந்த மாதம் பரீட்சைத் தாள் திருத்தும்போது பேனாவைப் பிடித்தபடியே இருமுறை தூங்கிப்போனார். வேலையை விட்டுவிடு என்று யூசுப் பாய் சொல்ல ஆரம்பித்தார். மெஹர் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நிலப் பத்திர விஷயமாக ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். வக்கீல் உள்ளேயிருந்து வருவதற்குள், அங்கே மூலையில் கிடந்த பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். உயரமான முதுகு, அதன் இரண்டு பக்கமும் காது மடல்போல முன்னால் வளைந்த மெத்தைப் பலகைகள். அந்தக் காதுகளில் ஒன்றில் தலை போய்ச் சாய்ந்தது, அவ்வளவுதான், தூங்கிவிட்டார். வக்கீல் வந்து கனைத்தார். எழவில்லை. நல்ல மனிதர், திரும்ப உள்ளே போய்விட்டார்.

விழித்ததும் மெஹர் பத்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “இது எங்க கிடைக்கும்?” என்று கேட்டார். அது வெள்ளைக்காரர்கள் குளிர்காற்றுக்கு மறைப்பாகச் செய்துகொண்டது, விங் சேர் என்று பெயர் என்றார் வக்கீல். அவருடையதைக் கறையான் அடியிலிருந்து தின்றுவிட்டிருந்தது. கடற்கரையோரம் உப்பு இலாகா பங்களாக்களில் இப்படி நிறைய இருந்தன, காலி செய்தபோது அக்கம்பக்கத்தில் பரவிப் போயின, தேடினால் அகப்படும் என்றார்.

சனிக்கிழமைகளில் தேடப் போனோம். மெஹரின் வழக்கம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. போனதும் நாற்காலியைக் கவிழ்க்கச் சொல்வார். “மேல பக்கத்த எல்லாரும் துடைச்சு வெப்பாங்க. அடியில யாரும் பொய் சொல்றதில்ல” என்பார். அடிச்சட்டம், பொருத்தின மூலைகள், கறையான் தடம் எல்லாம் பார்த்த பிறகு நிமிர்த்தி உட்காருவார். பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். முழங்கைக்குத் தோளைத் தூக்காமல் இடம் வேண்டும். தலை சாய்ந்தால் காது தாங்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டுப் பார்ப்பார். விற்பவர் பேசிக்கொண்டே இருப்பார். இவர் கண்ணைத் திறக்க மாட்டார்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு பெரிய வீட்டில் கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கின நாற்காலி ஒன்றைக் காட்டினார்கள். வேலைப்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெஹர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். “சிங்கத்துக்கு எடம் இருக்கு. எனக்கு இல்ல” என்றார். மகாபலிபுரத்தில் நீளமுடி வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பழம்பொருள் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், “நூறு வருசத்து சேரும்மா, ஏதோ ஒரு தொர குந்தினு இருந்தது” என்று ஒன்றை இழுத்துப் போட்டார். மெஹர் குனிந்து கைப்பிடியை முகர்ந்தார். பூட் பாலிஷ் வாசனை. “எந்த மாசம் பழசாச்சு?” என்று கேட்டார். விற்பவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னாம்மா, பொழப்புல மண்ண போடாத” என்றவர், கடப்பாக்கத்தில் மீன் ஏலம் விடுகிற கன்னியம்மா அசல் ஒன்றில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் சொன்னார்.

மறு வாரம் மதுராந்தகம் போய் பஸ் மாறிக் கடப்பாக்கத்தில் இறங்கினோம். கரையில் ஓலைக் கொட்டாயின்கீழ் கன்னியம்மா வீற்றிருந்தார். வேறு சொல் இல்லை. கனத்த உடம்பு, வெற்றிலை வாய். நாற்காலியின் மேல்துணி எப்போதோ போய், கிழிந்த பாய்மரத் துணியால் தைத்திருந்தது. இரண்டு காதும் அப்படியே இருந்தன. சுற்றிலும் கூடைகளும் வியாபாரிகளும். ஏலம் ஓயும்வரை நின்றோம். பிறகு மெஹர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

“இத்தக் குட்த்துட்டு நான் இன்னா மணல்ல குந்திக்கினு கூவறதா?” என்றார் கன்னியம்மா. “முட்டி செத்துப் போச்சு டீச்சரம்மா. மணல்ல குந்தினா ஏந்துக்க ரெண்டு பேர் வோணும். கீழ குந்தினு இருந்தப்போ இந்த ஆம்பளைங்க என் தல மேல நின்னுகினு அவனுங்களே வெல பேசிப்பானுங்க. பங்களா காலி பண்ணப்போ கால் ஒட்ஞ்சி கீதுன்னு வுட்டுட்டுப் போனாங்க. எங்க ஊட்டுக்காரரு தூக்கியாந்து கால் போட்டாரு. அதுலேர்ந்து இவனுங்க வாயத் தொறக்கறதில்ல. டப்பு இன்னா குட்த்தாலும் கெடையாது.”

மெஹர் ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. “அவங்களுக்கும் வேணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மணலில் நடந்தது அவருக்கு ஆகவில்லை. பஸ் நிறுத்தம் போகும் முன்பே இழுப்பு வந்து, சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் இரண்டு மீனவர்கள் ஓடிவந்தார்கள். கன்னியம்மா கொட்டாயிலிருந்து கத்தினார்: “படுக்க வெக்காதிங்க! இங்க இட்டுக்கினு வாங்க!” எங்கள் கண் முன்னால் கைப்பிடியை ஊன்றித் தானே எழுந்தார். மெஹரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தோம். மருந்து உள்ளே போய் மூச்சு மெல்ல இறங்கியது. அடுத்த கட்டுமரங்கள் வந்தன; பக்கத்திலேயே ஏலம் நடந்தது. அவ்வளவு கூச்சலிலும் மெஹர் நாற்காலியின் காதில் தலை சாய்த்துத் தூங்கினார். கன்னியம்மா அவ்வளவு நேரமும் வலிக்கிற முட்டியோடு நின்றுகொண்டே ஏலம் விட்டார்.

கிளம்பும்போது அவர்தான் பேச்சை எடுத்தார். “எனுக்கு ஒண்ணு கொண்டா. ஒசரமா இருக்கணும். ஏந்துக்கறதுக்கு கை இருக்கணும். மணல்ல பொதையக்கூடாது. அது எனுக்குப் புட்ச்சா, இத்த எட்த்துக்கினு போ.”

தனக்குத் தேடியதைவிட இதை மெஹர் அக்கறையாகத் தேடினார். கன்னியம்மாவின் முழங்காலிலிருந்து தரைவரைக்கும் தன் கைக்குட்டையால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நான் சுட்டிக்காட்டியதெல்லாம் தட்டிப் போயிற்று. “உனக்கு அழகா இருந்தா போதும். அவங்க உடம்பு அழகுக்கு ஏந்துக்காது” என்றார். கடைசியில் திருப்போரூரில் ஒரு பழைய சாமான் கடையில் விநோதமான ஒன்று அகப்பட்டது. வெள்ளைக்காரர் கிளப்பில் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பதற்காகச் செய்தது. இடுப்பளவு உயரத்தில் பிரம்பு இருக்கை, கால் வைக்கக் குறுக்குச் சட்டம், பிடித்து இறங்க அகலமான கை. உட்காரவும் எழவும் முட்டியை அதிகம் மடக்க வேண்டாம். கவிழ்த்துப் பார்த்தார். இருக்கைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் கைக்குட்டையைப் பிடித்து அளந்தார். முகத்தில் எதுவும் காட்டாமல், “இதுதான்” என்றார். தச்சரிடம் சொல்லிக் கால்களுக்கு அடியில் அகலப் பலகை அடித்து வாங்கிக்கொண்டார், மணலில் இறங்காமலிருக்க.

யூசுப் பாய்க்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இருந்தாலும் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டியவர் அவர்தான். கடப்பாக்கத்துக் கரையில் கன்னியம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். குறுக்குச் சட்டத்தில் கால் வைத்து, ஏறி உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி ஏறினார். நின்றுகொண்டிருந்த வியாபாரிகளை மேலேயிருந்து ஒரு பார்வை பார்த்தார். “டேய், இப்பதான்டா எல்லார் தலையும் தெரியுது. பின்னாடி நிக்கிறவன்கூட ஏமாத்த முடியாது” என்றார். கரையே சிரித்தது. மெஹரும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, பழைய நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. அது அப்போது அவருடையதாகிவிட்டிருந்தது.

பாய்மரத் துணியைப் பிரித்துப் புதுத் துணி போட்டார்கள். யூசுப் பாய் நீல வெல்வெட் என்றார். மெஹர் கடையில் விற்காமல் கிடந்த தடித்த காக்கிப் பருத்தியை எடுத்துக்கொண்டார். வேர்க்காது, துவைக்கலாம் என்றார். முதல் வாரம் மீன்வாசனை போகவில்லை. அந்த வாரத்திலேயே தூக்கம் வந்துவிட்டது. ராஜினாமாப் பேச்சு அதோடு நின்றது.

பள்ளியிலும் அவர் உட்கார்ந்தே பாடம் நடத்தத் தொடங்கியது அதற்குப் பின்தான். சாமான் அறையிலிருந்து கவிழ்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஒரு சாதா நாற்காலி. ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஆசிரியை உட்கார்ந்திருப்பது என்ன ஒழுங்கு என்று வகுப்பிலேயே கேட்டார். மெஹர் எழவில்லை. “நின்னா பாதிப் பாடத்துக்குதான் மூச்சு இருக்கு சார். உக்காந்தா முழுப் பாடம் நடக்கும். எது வேணும்னு சொல்லுங்க” என்றார். அதிகாரி பிள்ளைகளிடம் பருவக்காற்றைப் பற்றிக் கேள்வி கேட்டார். பிள்ளைகள் விடாமல் பதில் சொன்னார்கள். அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

நாற்காலி பார்க்கத் தெரிந்தவர் என்று ஊரில் பெயர் பரவி, ஆலோசனை கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒரு ரைஸ்மில்காரர், கூடத்துக்கு இதேபோல ஜோடியாகப் பழைய நாற்காலி பார்த்துத் தரச் சொன்னார். “யார் உக்காருவாங்க?” என்று கேட்டார் மெஹர். “யாரும் இல்லீங்க, சும்மா பார்வைக்கு” என்றார் அவர். “அப்ப ஒரு படம் வாங்கி மாட்டுங்க. எடமும் மிச்சம்” என்று அனுப்பிவிட்டார். ஆனால் பிரசவமான பெண்ணுக்கு, இடுப்பு ஒடிந்த பெரியவருக்கு என்று வந்தால், வெயிலைப் பார்க்காமல் கிளம்பிவிடுவார்.

இனிமையானவர் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றி என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னதாக ஞாபகமில்லை. தன் நாற்காலியில் ஒருவரையும் உட்கார விட்டதில்லை. ஒருமுறை தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தபோதும் ஸ்டூலைத்தான் காட்டினார். “இது என் உடம்புக்குப் படிஞ்சிருக்கு. இன்னொருத்தர் உக்காந்தா பழையபடி அத நான் பழக்கணும்” என்றார். அந்த அம்மா வெகுகாலம் அதை மறக்கவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது போயிருந்தேன். எல்லோரும் போன பிறகு யூசுப் பாய் டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் வழக்கம்போல ஸ்டூலில் உட்காரப் போனேன்.

“அதுல உக்காருங்க டீச்சர்” என்று ஜன்னலோரம் காட்டினார்.

வேண்டாம் என்றேன்.

“அவதான் சொல்லிட்டுப் போயிருக்கா. இந்தச் சேர, படுக்க முடியாதவங்க, அவ ஒசரத்துல இருக்கறவங்க யாருக்காவது குடுக்கணுமாம். அழகுக்குக் கேக்கறவங்களுக்குக் கூடாதாம்.” ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். “சரஸ்வதிக்கும் கூடாதுன்னா. அவளுக்குக் கால் எட்டாது, முதுகு வலி வந்துடும்னு. ஆனா குடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவ உக்காரச் சொல்லுங்கன்னா.”

உட்கார்ந்தேன். டீ ஆறும்வரை இருந்தேன். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தச் சிறிது நேரம் மட்டும் இருக்கிறது. கால் எட்டவில்லை.