தேசம்மாக்காவின் மீன் கழுவின தண்ணீர்

தேசம்மாக்கா போய்விட்டார்.

நேற்று காலை, எங்கள் தெருமுனையில். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்... அதற்கு மேல் எழுத வரவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் தெரு மெயின் ரோட்டில் போய்ச் சேரும் இடத்தில் மீன் விற்றவர். மற்றவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும்... முனையில் யாராவது பைக்கை நிறுத்திவிட்டுப் போனால், மீன் கழுவின தண்ணீரைச் சொம்பில் மொண்டு அதன் மேல் ஊற்றுவாரே, அவர்தான்.

எனக்கும் ஊற்றியிருக்கிறார்.

புது பைக். வாங்கி நாலாவது நாள். ஏடிஎம் வரை போய் வருவதற்குள் சீட்டெல்லாம் செதில், டேங்க் மேல் ஒரு மத்தி மீன் தலை. வந்த ஆத்திரத்தில் தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அவர் சங்கரா மீனை அரிந்துகொண்டே, நிமிராமல் கேட்டார். "வண்டிய இங்க வுட்டா ஜனம் எப்டி நடக்கும் நைனா? ரோட்டுல எறங்கித்தான போவணும்? தோ வர்றான் பாரு டிரெய்லர்காரன், அம்மாம் ஒசரத்துல குந்திகினு கீறான். கீழ நிக்கிறவன் தலை அவனுக்குத் தெரியுமா?"

"அதுக்காக மீன் தண்ணியவா ஊத்துவீங்க?"

"நல்ல தண்ணி ஊத்துனா தொடச்சிட்டு நாளைக்கும் வுடுவே."

ஒரு வாரம் பூனைகள் என் பைக்குக்குக் காவல் இருந்தன. ஆபீசில் ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

ஆனால் ஒன்று... அவர் அங்கே உட்கார்ந்திருந்த வரை அந்த முனையில் ஒரு வண்டி நிலைத்து நின்றதில்லை. முனை காலியாக இருந்ததால் வருகிற டிரெய்லர் நமக்குத் தெரியும், நாமும் டிரைவர் கண்ணில் படுவோம். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன மழையில் ஒருநாள். ரோடெல்லாம் தண்ணீர், பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என் அம்மாவுக்கு முட்டி வலி. எதிரே இருக்கிற மருந்துக்கடைக்குப் போக வெகுநேரம் நின்றிருக்கிறார். டிரெய்லர்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒருவரும் நிறுத்துகிற வழியைக் காணோம்.

தேசம்மாக்கா மீன் வைக்கிற அலுமினியத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டு நடுவில் போய் நின்றுவிட்டாராம்.

"நீ நட யம்மா, மெதுவா நட. அவன் நிப்பான். நிக்காம எங்க பூடுவான்?"

நின்றானாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த போஸ்ட்டைப் போட்டேன்.

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மூன்று மாதம் முன்னால், இதே பக்கத்தில். அவசரத்துக்கு ரெண்டே நிமிஷம் முனையில் நிறுத்தி, இரண்டாவது தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று. அவர் சொம்பை ஓங்கிக்கொண்டு நிற்கிற போட்டோ, அவருக்குத் தெரியாமல் எடுத்தது. "எங்கள் தெருவின் நாற்றத்துக்கு எப்போது விடிவு?" என்று மேலே ஒரு வரி.

லைக்குகள் குவிந்தன. "சரியான கேள்வி ப்ரோ" என்றீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது... ஏன் மறைக்க வேண்டும்.

இரண்டே வாரத்தில் கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். மறுநாளே முனை முழுக்க பைக். அதில் என்னுடையதும் ஒன்று.

அதற்குப் பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போய் மீன் வாங்கினேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"போட்டோல நான் சோக்கா கீறேனாமே நைனா? வாட்ஸப்புல வந்துச்சுன்னு எம் பொண்ணு காட்டுனா. எவனோ எட்த்துப் போட்டுக்கீறான். திட்டித்தான் எழுதிக்கீறானாம், அத்த வுடு. எங்கிட்ட என் போட்டோன்னு ஒன்னு கெடையாது. பெர்சா ஒன்னு போட்டுத் தர்றியா?"

"பார்க்கிறேங்க்கா" என்றேன். எவன் எடுத்தது என்று சொல்லவில்லை. பையில் மேற்கொண்டு நாலு நெத்திலியை அள்ளிப் போட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரிதாகப் போட்டும் கொடுக்கவில்லை.

காசிமேட்டிலிருந்து மீனோடு வருகிற ஷேர் ஆட்டோ எங்கள் பக்கம்தான் நிற்கும். முன்பெல்லாம் இறங்கினால் அதே இடத்தில் கடை. இடம் மாறியதிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது.

நேற்று முனையில் இடைவெளியே இல்லாமல் வண்டிகள். அவற்றைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கியிருக்கிறார்.

டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்து, "தெரியவே இல்ல சார், தெரியவே இல்ல" என்று அழுதுகொண்டே இருந்தார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று முனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அவர் மகள் கொடுத்த படம்... அதேதான். சொம்பு பிடித்த கையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருக்கிறார்கள். என்னைத் திட்டிக்கொண்டிருந்த முகம்.

போஸ்டரின் கீழ்ப்பாதி தெரியவில்லை. முன்னால் பைக்குகள். என் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். வருவதற்குள் அந்த இடத்தில் வேறொன்று நின்றுகொண்டிருந்தது.

இன்று மாலை எடுக்கிறார்கள். அவர் கையால் மீன் வாங்கியவர்கள் வாருங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வாருங்கள்.

போய்ட்டு வாங்க தேசம்மாக்கா. அந்த போட்டோ எடுத்தவன் நான்தான்.